சொல்லாமல் காட்டுவது: வர்ணித்து எழுதப் பழகும் மாணவர்களுக்கு

"நேற்று வெயில் மிகவும் கடுமையாக இருந்தது."

இந்த வாக்கியத்தில் எழுத்துப்பிழை கிடையாது, ஒற்றுப்பிழை கிடையாது. சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாலும் ஆசிரியருக்குக் கோடு போட இடம் கிடைக்காது. ஆனால் படித்தவருக்கு ஒரு சொட்டு வியர்வைகூட வராது. இதே வெயிலை ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்:

"பள்ளி விட்டதும் சைக்கிளை எடுக்கப் போனேன். சீட்டில் உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிட்டேன். கைக்குட்டையை மடித்து சீட்டின் மேல் போட்டுக்கொண்டு மிதித்தேன். மெயின் ரோட்டில் தார் இளகிக் கிடந்தது. டயர் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டது. டீக்கடை வாசலில் தண்ணீர்க் குடத்துக்குக் கீழே ஈர மண்ணைப் பறித்து அதில் ஒரு நாய் படுத்திருந்தது. நான் மணி அடித்தும் அது தலையைத் தூக்கவில்லை."

'வெயில்' என்ற சொல் இதில் எங்குமே இல்லை. 'கடுமை', 'சூடு', 'வெப்பம்' எதுவும் இல்லை. ஆனாலும் அன்று எப்படிப்பட்ட வெயில் என்று யாரும் உங்களிடம் கேட்க மாட்டார்கள். முதல் வாக்கியம் சொல்கிறது. இரண்டாவது பத்தி காட்டுகிறது. இந்தக் கட்டுரை முழுக்க இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

சொல்வது என்றால், எழுதுகிறவர் தானே ஒரு முடிவுக்கு வந்து அந்த முடிவை மட்டும் வாசகர் கையில் கொடுப்பது. 'அவர் நல்லவர்', 'இடம் அழகு', 'எனக்கு மகிழ்ச்சி'. காட்டுவது என்றால், எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தோமோ அதைக் கொடுத்துவிட்டு, முடிவை வாசகரிடமே விட்டுவிடுவது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வந்தவர் "அவன் திருடன் ஐயா" என்று சொன்னால் வழக்கறிஞர் விடமாட்டார். "நீங்கள் என்ன பார்த்தீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள்" என்பார். "ராத்திரி பதினோரு மணிக்கு அவன் எங்கள் மதிலைத் தாண்டிக் குதித்தான், கையில் எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு இருந்தது" என்று சாட்சி சொல்ல வேண்டும். தீர்ப்பு நீதிபதியுடைய வேலை. உங்கள் கட்டுரையில் சாட்சி நீங்கள், நீதிபதி வாசகர்.

அலங்காரம் வேறு, காட்டுவது வேறு

"வர்ணித்து எழுது" என்று ஆசிரியர் சொன்னதும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் செய்வது என்ன தெரியுமா? எளிய சொல்லை எடுத்துவிட்டுக் கனமான சொல்லைப் போடுவார்கள். 'திருவிழா நன்றாக இருந்தது' என்பது இப்படி மாறும்:

"எங்கள் ஊர்த் திருவிழா கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது. மக்கள் கூட்டம் அலைகடலெனத் திரண்டிருந்தது. வண்ண விளக்குகள் ஜொலித்தன. எங்கு நோக்கினும் மகிழ்ச்சி வெள்ளம் கரைபுரண்டோடியது. அதை வர்ணிக்க வார்த்தைகளே இல்லை."

இதற்குப் பல வகுப்புகளில் 'மிக நன்று' கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இதுவும் சொல்வதேதான், பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து சொல்கிறது, அவ்வளவே. கடைசி வரி இன்னும் மோசம். வார்த்தைகளே இல்லை என்றால் அப்புறம் எதற்குக் கட்டுரை?

உங்கள் பத்தி எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. ஊர்ப் பெயரை மாற்றிப் பாருங்கள். மேலே உள்ள பத்தி மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்குப் பொருந்தும், வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் பொருந்தும், நாகூர் கந்தூரிக்கும் பொருந்தும். பக்கத்து ஊர்ப் பொருட்காட்சிக்குக்கூடப் பொருந்திவிடும். எதற்கும் பொருந்துகிற பத்தியில் உங்கள் ஊர் இல்லை என்றுதான் அர்த்தம். அங்கே போகாதவர்கூட அதை எழுதியிருக்க முடியும்.

இப்போது இதைப் பாருங்கள்:

"தேர் எங்கள் தெருவுக்குத் திரும்பும் முன்பே கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். மின்வாரிய ஆட்கள் இரண்டு பேர் மேலே போகும் ஒயரை மூங்கில் கழியால் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்து பத்தடி தள்ளிப் போயிருந்தேன், ஆனால் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. முட்டுக்கட்டை போடும் தாத்தா சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்தபடி ஓடினார். கட்டை உரசும்போதெல்லாம் கருகின மர வாசம் வந்தது. அக்காவின் ஒரு கால் கொலுசைக் காணோம். அம்மா தேரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே அவளைத் திட்டினார்."

கூட்டம் அதிகம் என்று இதில் சொல்லவே இல்லை. அடி எடுத்து வைக்காமல் பத்தடி நகர்ந்தது கூட்டத்தைக் காட்டிவிட்டது. பக்தி என்றும் சொல்லவில்லை. கொலுசு போன எரிச்சலிலும் அம்மா கூப்பிய கையை எடுக்கவில்லை. சொற்களைக் கவனியுங்கள்: எல்லாம் வீட்டில் பேசுகிற சொற்கள். 'ஜொலித்தன' கிடையாது, 'கரைபுரண்டு' கிடையாது. காட்டுவதற்குப் பெரிய சொல் தேவைப்படுவதில்லை, அங்கே இருந்தவருக்கு மட்டும் தெரிந்த ஒரு சின்ன விவரம் தேவைப்படுகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக வரும்.

ஆன்டன் செகாவ் என்ற ரஷ்ய எழுத்தாளர் 1886-ல் தன் அண்ணன் அலெக்சாந்தருக்கு எழுதிய கடிதத்தில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். அண்ணனும் கதை எழுதுகிறவர். நிலா இரவை எழுத வேண்டுமா, தண்ணீர் ஆலையின் அணைமேல் கிடந்த உடைந்த பாட்டில் சில்லு நட்சத்திரம் மாதிரி மின்னியது என்று எழுது, நாயோ ஓநாயோ ஒன்றின் கறுத்த நிழல் உருண்டு போனது என்று எழுது, நிலா இரவு வந்துவிடும் என்பது அவர் கொடுத்த யோசனை. சின்னச் சின்ன விவரங்களைப் பிடித்து, வாசகர் கண்ணை மூடினால் காட்சி தெரிகிற மாதிரி அடுக்க வேண்டும் என்பதும் அதே கடிதத்தில் உண்டு. 'நிலா ஒளிர்கிறது என்று சொல்லாதே, உடைந்த கண்ணாடியில் அதன் மினுக்கைக் காட்டு' என்று இன்று சுவரொட்டிகளில் வருகிற பொன்மொழி, இந்தக் கடிதத்தைப் பிற்காலத்தில் சுருக்கி மெருகேற்றியது.

காலை எங்கே ஊன்றியிருக்கிறீர்கள்?

விவரம் எங்கிருந்து கிடைக்கும் என்று கேட்பீர்கள். முதலில் நிற்கிற இடத்தை முடிவு செய்யுங்கள். நிறைய மாணவர்களின் 'இயற்கைக் காட்சி' கட்டுரையில் எழுதியவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது. ஒரு வரியில் மலை உச்சியில் மேகம், அடுத்த வரியில் ஆற்றுக்குள் மீன், அதற்கடுத்த வரியில் கூட்டில் குஞ்சு. பறந்துகொண்டே பார்த்தாரா?

தேரையே எடுத்துக்கொள்ளுங்கள். மாடியிலிருந்து பார்த்தால் தேரில் தொங்கும் தொம்பைகள் என்ற துணிக் குழல்கள் ஆடுவது தெரியும், வடத்தின் இரண்டு பக்கமும் தலைகள் மட்டும் தெரியும், சாமி உங்கள் கண்மட்டத்துக்கு வந்து போகும். வடம் பிடித்தவருக்குத் தேரே தெரியாது. முன்னால் இழுப்பவரின் முதுகும், உள்ளங்கையில் கயிற்றின் உரசலும், பின்னாலிருந்து வரும் "இழு, இழு" சத்தமும்தான் அவருக்குத் திருவிழா. நீர்மோர்ப் பந்தலில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த பையனுக்கோ தேர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மூன்று பேரும் எழுதினால் மூன்று கட்டுரை. இடத்தை முடிவு செய்தாலே பாதி விவரம் கைக்கு வந்துவிடும், தேவையில்லாத பாதி தானே கழன்றுவிடும்.

அடுத்தது ஐம்புலன். இதை எல்லா ஆசிரியரும் சொல்லியிருப்பார்கள், அதனால் சுருக்கமாக ஒன்று மட்டும். பள்ளிக் கட்டுரைகளில் கண் மட்டும்தான் வேலை செய்கிறது. மூக்கும் தோலும் விடுமுறையில் இருக்கின்றன. மீன் மார்க்கெட்டின் கவுச்சி, புது நோட்டைப் பிரித்ததும் வரும் காகித வாசம், மூடிக் கிடந்த அறையின் பூஞ்சை வாடை, இவற்றில் ஒன்று பத்தியில் வந்தால் போதும், வாசகர் அந்த இடத்துக்குள் வந்துவிடுவார். ஐந்தையும் வரிசையாக நிரப்ப வேண்டியதில்லை. நிரப்பினால் படிவம் பூர்த்தி செய்த மாதிரி ஆகிவிடும்.

ஆறு அடியில் ஒரு மகள்

நம் மொழியில் இதற்கு வெகு பழைய எடுத்துக்காட்டு இருக்கிறது. குறுந்தொகையின் 167-ஆம் பாடல், எழுதியவர் கூடலூர் கிழார். மொத்தமே ஆறு அடி.

சூழ்நிலை இது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அவளை வளர்த்த செவிலித்தாய் புது வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறாள். பெற்ற தாய் காத்துக்கொண்டிருக்கிறாள். அவள் கேட்க நினைப்பது ஒன்றே ஒன்றுதான்: என் மகள் அங்கே நன்றாக இருக்கிறாளா? "ரொம்ப சந்தோஷமாக இருக்கிறாள்" என்று செவிலி சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அந்தத் தாய்க்கு நிம்மதி வந்திருக்குமா? நம் அம்மாக்களைத் தெரிந்தவர்களுக்கு விடை தெரியும். "சும்மா என் சமாதானத்துக்குச் சொல்கிறாயா?" என்று அடுத்த கேள்வி வந்திருக்கும்.

செவிலி சொன்னது வேறு. முற்றிய தயிரை அவள் மெல்லிய விரலால் பிசைந்தாள். விரலைத் துடைத்த சேலையைத் துவைத்து மாற்றாமல் அப்படியே உடுத்திக்கொண்டிருந்தாள். தாளிக்கிற புகை கண்ணில் போய் நிறைந்தது. தானே பாடுபட்டு, இனிய புளிக்குழம்பைச் சமைத்தாள். "இனிது" என்று சொல்லிக் கணவன் சாப்பிட்டான். அவள் முகம் நுட்பமாக மகிழ்ந்தது. அவ்வளவுதான் பாட்டு.

இதில் எத்தனை செய்தி ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். செவிலி வைத்து வளர்த்த வீட்டுப் பெண், அதாவது வசதியான வீட்டுப் பெண், இங்கே தன் கையால் சமைக்கிறாள். பழக்கமில்லாத வேலை, கண்ணெல்லாம் புகை. சேலையை மாற்றக்கூட நேரமில்லை, அல்லது மாற்றத் தோன்றவில்லை, அவ்வளவு மும்முரம். அவனும் குறை சொல்லாமல் சாப்பிடுகிறான். இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு 'என் மகள் நன்றாகத்தான் இருக்கிறாள்' என்ற முடிவுக்குத் தாய் தானே வருகிறாள். தானே வந்த முடிவை அவளிடமிருந்து யாராலும் பிடுங்க முடியாது. காட்டுவதன் பலம் இதுதான்.

ஒரு சந்தேகம் வரலாம். கடைசி அடியில் 'மகிழ்ந்தது' என்று உணர்ச்சியின் பெயரையே சொல்லிவிட்டாரே, அது சொல்வது ஆகாதா? ஆகும்தான். ஆனால் எங்கே சொல்கிறார், எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். ஐந்து அடி முழுக்கக் காட்டிவிட்டு ஆறாவது அடியில் சொல்கிறார். அதுவும் 'மிகவும் மகிழ்ந்தாள்' இல்லை. 'நுண்ணிதின்', அதாவது பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கும் அளவுக்கு மகிழ்ச்சி, அதுவும் முகத்தில். செவிலி கண்ணால் பார்த்தது அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை. உணர்ச்சிச் சொல்லே எழுதக்கூடாது என்று சில பயிற்சிப் புத்தகங்கள் கறாராகச் சொல்கின்றன. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். சம்பாதித்துவிட்டுச் செலவு செய்தால் தப்பில்லை.

உணர்ச்சியை எழுதும்போது

தொல்காப்பியத்தில் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு இயலே இருக்கிறது. உள்ளத்தில் இருப்பது உடம்பில் வெளிப்பட்டுத் தெரிவது மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. ஒவ்வொன்றும் எவற்றால் பிறக்கும் என்று நான்கு நான்கு காரணங்களும் சொல்லப்படுகின்றன. அச்சத்துக்கு அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை. கடைசியாக வரும் 'இறை' என்பது நமக்கு மேலே அதிகாரம் உள்ளவர். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட வேண்டிய அப்பாவைத் தாராளமாக அந்த வரிசையில் சேர்க்கலாம்.

சேர்த்தே பார்ப்போம். "கார்த்திக் மிகவும் பயந்தான்." இது சொல்வது. காட்டச் சொன்னால் பலரும் உடனே எழுதுவது: "கார்த்திக்கின் இதயம் படபடவென அடித்தது. கைகால்கள் வெடவெடவென நடுங்கின. வியர்த்துக் கொட்டியது." பரவாயில்லை, உடம்புக்கு வந்துவிட்டோம், முதல் வாக்கியத்தைவிட ஒரு படி மேல். ஆனால் ஊர்ப் பெயர் சோதனையை இங்கேயும் வைத்துப் பாருங்கள். புலியைப் பார்த்துப் பயந்தவனுக்கும் இதே மூன்று வரி பொருந்தும், ஊசி போடப் போனவனுக்கும் பொருந்தும். பற்களை நறநறவெனக் கடித்தான், முகம் தாமரைபோல் மலர்ந்தது, கண்கள் குளமாயின, எல்லாம் இந்தச் சாதிதான். முதலில் எழுதியவருக்கு அவை காட்சியாக இருந்தன. ஆயிரம் பேர் எழுதித் தேய்ந்தபின் அவையும் வெறும் பெயர்களாகிவிட்டன.

அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். பயந்தால் உடம்பு என்ன செய்யும் என்று கேட்காமல், பயந்தால் இந்தக் கார்த்திக் என்ன செய்வான் என்று கேளுங்கள்.

"ரேங்க் கார்டை முதலில் கணக்கு நோட்டுக்குள் வைத்தான். பிறகு எடுத்து சமூக அறிவியல் புத்தகத்துக்குள் வைத்தான். ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மறுபடியும் கணக்கு நோட்டுக்கே போனது. சாப்பிட்ட தட்டை யாரும் சொல்லாமலே கழுவிக் கவிழ்த்தான். அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். 'என்னடா, உடம்பு சரியில்லையா?' என்றார். தெருமுனையில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டது. கார்த்திக் டிவி சத்தத்தைக் குறைத்தான். அப்புறம் டிவியையே அணைத்தான். அப்புறம் வரவேற்பறையில் இருந்த தம்பியை இழுத்துக்கொண்டு போய் 'வா, உனக்கு வாய்ப்பாடு சொல்லித் தருகிறேன்' என்றான்."

பயம் என்ற சொல் இல்லை, நடுக்கம் இல்லை, வியர்வை இல்லை. ஆனால் மதிப்பெண் எவ்வளவு என்றுகூட உங்களால் ஊகிக்க முடிகிறது. இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள்: படிக்கும்போது கொஞ்சம் சிரிப்பு வருகிறது. 'பயந்தான்' என்று எழுதியிருந்தால் பயம் மட்டும்தான் கிடைத்திருக்கும். காட்டும்போது பயமும் சிரிப்பும், ஒருவேளை பாவமும், சேர்ந்தே வருகின்றன.

கோபத்துக்கு இவ்வளவு நீளம்கூட வேண்டாம். "அவர்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள்" என்பதற்குப் பதிலாக "மதிய இடைவேளைக்குப் பிறகு பெஞ்சில் இருவருக்கும் நடுவே புத்தகப் பை ஏறி உட்கார்ந்திருந்தது" என்று ஒரு வரி எழுதினால் வகுப்பில் எல்லாருக்கும் புரியும்.

ஆளைக் காட்டுவது

'என் தாத்தா', 'எனக்குப் பிடித்த ஆசிரியர்' மாதிரித் தலைப்புகளில் குணங்களை அடுக்குவது வழக்கம். அன்பானவர், பண்பானவர், கண்டிப்பானவர், சிக்கனமானவர். நான்கு குணம் சொல்லியும் ஆள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்.

"தாத்தா குளியலறை சோப்பு தேய்ந்து தகடாகிவிட்டால் தூக்கிப் போட மாட்டார். அதைப் புதுச் சோப்பின் முதுகில் ஈரத்தோடு ஒட்டி அழுத்தி வைப்பார். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை ஆணியில் குத்தி வைத்திருப்பார். பால் கணக்கு, மருந்து கணக்கு எல்லாம் அதன் பின்பக்கத்தில்தான். ஆனால் நான் ஜாமெட்ரி பாக்ஸ் கேட்டபோது, 'விலை குறைந்தது வேண்டாம், காம்பஸ் சீக்கிரம் லூசாகிவிடும்' என்று கடைக்காரரிடம் நல்லதாகப் பார்த்து எடுக்கச் சொன்னார்."

இவர் கஞ்சரா, சிக்கனக்காரரா, பேத்திமேல் உயிராக இருப்பவரா? எழுதியவர் சொல்லவில்லை. சோப்பையும் காலண்டரையும் மட்டும் பார்த்தால் ஒன்று தோன்றும், ஜாமெட்ரி பாக்ஸையும் சேர்த்துப் பார்த்தால் வேறு தோன்றும். உங்கள் நண்பர்கள் இருவர் படித்துவிட்டு அவரைப் பற்றி வேறு வேறாகப் பேசினால் பத்தி நன்றாக வந்திருக்கிறது. நேரில் பார்க்கும் மனிதர்களைப் பற்றியும் நாம் அப்படித்தானே பேசிக்கொள்கிறோம்?

ஆளை எழுதும்போது அவர் பேசும் ஒரே ஒரு வரியை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுவிடுங்கள். பேச்சு எழுத்துத் தமிழில் இருக்க வேண்டியதில்லை. "போய்ப் படுடா, மணி பத்தாச்சு" என்று சொல்லும் பாட்டியை "சென்று உறங்கு, மணி பத்தாகிவிட்டது" என்று பேசவைத்தால் அவர் உங்கள் பாட்டி இல்லை, பாடநூல் பாட்டி.

வினைச்சொல்லிடம் வேலை வாங்குங்கள்

நோட்டை எடுத்து நீங்கள் கடைசியாக எழுதிய கட்டுரையைப் பாருங்கள். 'மிகவும்', 'ரொம்ப', 'மிக' என்ற சொற்களையும், 'ஆக' என்று முடிகிற சொற்களையும் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். அழகாக, சிறப்பாக, பிரமாதமாக, சோகமாக, கோபமாக. எங்கெல்லாம் கோடு விழுகிறதோ அங்கெல்லாம் பெரும்பாலும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். 'வேகமாக' மாதிரிச் சில அப்பாவிகளும் மாட்டும், அவற்றை விட்டுவிடலாம்.

இந்தச் சொற்கள் ஏன் வருகின்றன? வினைச்சொல் சோம்பேறியாக இருப்பதால். 'மெதுவாக நடந்தான்' என்கிறோம். ஊர்ந்தானா, தள்ளாடினானா, பம்மினானா, காலைத் தேய்த்துக்கொண்டு போனானா? ஒவ்வொன்றும் வேறு ஆள். 'தண்ணீர் குடித்தான்' என்கிறோம். சொம்பை அண்ணாந்து கவிழ்த்தால் தாகம் தெரியும். மடக்கு மடக்காக விழுங்கினால் தொண்டை வலி தெரியும். டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்துவிட்டுக் கீழே வைத்தால், சொல்ல வந்த விஷயத்தைச் சொல்லத் தயங்குகிறான் என்று தெரியும். தமிழில் இப்படிப்பட்ட வினைகள் குவிந்து கிடக்கின்றன. நாம்தான் நட, குடி, பார், சொல் என்ற நாலைந்தையே போட்டு உழைக்க வைக்கிறோம்.

இலக்கண வகுப்பில் படித்த இரட்டைக்கிளவி இங்கே கைகொடுக்கும், ஆனால் ஓடை என்றாலே 'சலசல', மழை என்றாலே 'சடசட' என்று கைபோன போக்கில் போடாதீர்கள். தகரக் கூரையில் விழும் மழை வேறு, ஓலைக் கூரையில் விழுவது வேறு. தகரத்தில் தடதடவென்று அடித்தால் பக்கத்தில் பேசுகிறவர் குரல் கேட்காது. ஓலையில் சத்தம் அமுங்கிப்போகும், ஓரத்தில் சொட்டுவதுதான் தெளிவாகக் கேட்கும். காதால் கேட்டுவிட்டு எழுதினால் பழைய சொல்லே புதிதாகத் தெரியும்.

எப்போது சும்மா சொல்லிவிடலாம்?

எல்லாவற்றையும் காட்டத் தொடங்கினால் கட்டுரை நகராது. சுற்றுலாக் கட்டுரையில் பல் தேய்த்தது, இட்லி சாப்பிட்டது, டிக்கெட் எடுத்தது எல்லாவற்றையும் காட்சியாக்கினால் வாசகர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும் முன்பே தூங்கிவிடுவார். "அதிகாலையில் கிளம்பி மதியம் கொடைக்கானல் போய்ச் சேர்ந்தோம்" என்று சொல்லிவிட்டு, பனி மூடி ஒன்றுமே தெரியாத பள்ளத்தாக்கின் முன்னால் எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கொண்டதைக் காட்டுங்கள். காலம் கடப்பது, இடம் மாறுவது, யாருக்கு யார் என்ன உறவு, இவற்றைச் சொல்லிவிடுவதே நல்லது.

அறிவியல் விடையில் காட்ட வேண்டாம். அங்கே 'நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்' என்பதுதான் சரி, தட்டு மூடி ஆடியது என்று எழுதினால் மதிப்பெண் போகும். விடுப்புக் கடிதத்திலும் வேண்டாம். காய்ச்சல் என்று ஒரு சொல்லில் சொன்னாலே வகுப்பாசிரியருக்குப் போதும்.

தேர்வில் எழுதும் கட்டுரையில் முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று சட்டகம் கொடுத்திருப்பார்கள், நேரமும் குறைவு. அங்கே எல்லா உட்தலைப்பிலும் இதை முயற்சி செய்யாதீர்கள். உங்களுக்கு நேரடியாகத் தெரிந்த ஒரே ஒரு உட்தலைப்பைத் தேர்ந்தெடுத்து, அதில் மூன்று நான்கு வரி காட்டுங்கள். மற்றவற்றை வழக்கம்போல் சொல்லிவிடுங்கள். முப்பது தாள் ஒரே மாதிரி திருத்திக் களைத்தவருக்கு அந்த மூன்று வரியே நிமிர்ந்து உட்காரப் போதும்.

ஒரு பத்திக்கு எத்தனை விவரம் என்றும் கேட்பார்கள். இரண்டு அல்லது மூன்று. வெயில் பத்தியில் சைக்கிள் சீட், தார், நாய் என்று மூன்றுதான் இருந்தது. அதோடு ஐஸ் வண்டி, குடை, வறண்ட கிணறு, வாடிய செடி என்று சேர்த்திருந்தால் சூடு கூடியிருக்காது, குறைந்திருக்கும். நாயை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

கொஞ்சம் பயிற்சி

கீழே உள்ளவற்றைக் காட்டி எழுதிப் பாருங்கள். பக்கத்தில் உள்ள சொற்களுக்குத் தடை.

'பேருந்தில் கூட்டம் அதிகம்.' (கூட்டம், நெரிசல், இடமில்லை ஆகிய சொற்கள் வரக்கூடாது.)

'மழை வரப்போகிறது.' (மழை, மேகம், இடி, மின்னல் கூடாது. துணி, எறும்பு, அம்மாவின் குரல் எல்லாம் வரலாம்.)

'அக்காவுக்குத் தூக்கம் வந்தது.' (தூக்கம், கொட்டாவி, கண் சொக்கியது கூடாது.)

'அந்த வீட்டில் வெகுநாளாக யாரும் இல்லை.' (யாரும் இல்லை, பாழடைந்த, தூசி கூடாது. ஒட்டடையும் வேண்டாம், எல்லாரும் அதைத்தான் எழுதுவார்கள்.)

'அந்தக் கடைக்காரர் நேர்மையானவர்.' (நேர்மை, உண்மை, நல்லவர் கூடாது.)

முதலாவதற்கு ஒரு மாதிரி: "கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. என் டிக்கெட் காசு நான்கு பேர் கை மாறி முன்னால் போனது, டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே நான்கு கை வழியாகத் திரும்பி வந்தன. யாருடைய டிபன் பாக்ஸோ என் முதுகில் சூடாக ஒட்டிக்கொண்டிருந்தது."

எழுதி முடித்ததும் தலைப்பை மறைத்துவிட்டு நண்பரிடம் கொடுங்கள். என்ன சொல்ல வந்திருக்கிறேன் என்று மட்டும் கேளுங்கள், விளக்கம் கொடுக்காதீர்கள். சரியாகச் சொல்லிவிட்டால் சரி. கடைக்காரர் நேர்மையானவர் என்பதற்குப் பதில் ஏமாளி என்று நண்பர் சொன்னால், உணர்ச்சிச் சொல்லைச் சேர்த்துச் சரிசெய்ய நினைக்காதீர்கள். விவரத்தை மாற்றுங்கள். அதிகமாகக் கொடுத்த காசைத் திருப்பிக் கொடுத்தார் என்று மட்டும் எழுதியிருப்பீர்கள். தராசுத் தட்டில் சரக்கை வைக்கும் முன் முள் நடுவில் நிற்கிறதா என்று அவர் பார்ப்பதையும் சேர்த்து, வேறொரு நண்பரிடம் கொடுத்துப் பாருங்கள்.